காவிரி டெல்டா வீடுகளுக்குக் குளிர்ச்சியும் வெந்நீரும்: எதை, எந்த வரிசையில் வாங்குவது

சித்திரை பிறந்துவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைக் கடைவீதிகளில் ஏ.சி. விலை விசாரிப்போரின் கூட்டம் கூடிவிடுகிறது. எந்தக் கம்பெனி நல்லது, எத்தனை டன் போதும் என்பவையே அங்கே முதலில் எழும் கேள்விகள். அவற்றுக்கு முன்பாகவே விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. வெப்பம் நம் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது? நம்மை அதிகம் வருத்துவது வெயிலா, புழுக்கமா? இவ்விரண்டையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவரும், தெரியாமல் போகிறவரும் ஒவ்வோர் இரண்டு மாதமும் மின்கட்டணமாகக் கட்டும் தொகை பெரிதும் வேறுபடும்.

டெல்டா என்று ஒரே பெயரில் சொன்னாலும் திருச்சியின் காற்றும் நாகப்பட்டினத்தின் காற்றும் ஒரே தன்மையுடையவை அல்ல. மேற்கே போகப்போகக் காற்று உலர்ந்திருக்கும். கிழக்கே கடலை நெருங்க நெருங்க ஈரம் மிகும். ஒரே ஊரிலும் மாதத்துக்கு மாதம் இது மாறுகிறது. பங்குனியிலும் சித்திரையிலும் கடலிலிருந்து வரும் காற்று ஈரத்தைக் கொண்டுவருகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று உலர்ந்து வீசுவதால், வெயில் கடுமையாக இருந்தாலும் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுகிறது. அந்தக் காற்று ஓங்கி வீசும் நாள்களில் கடற்கரை ஊர்களுக்குக்கூடக் கடற்காற்று பிந்தித்தான் வந்து சேர்கிறது. ஆவணி, புரட்டாசியிலோ மழை வரும் வரை காற்று அசையாமல் நின்று, வெப்பமானி குறைவான அளவைக் காட்டும்போதும் உடம்பு கசகசத்துப்போகிறது. ஆகவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வைத்து, பிற்பகலிலும் படுக்கப்போகும் நேரத்திலும் அது காட்டும் அளவுகளை ஒரு வாரம் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எந்த இயந்திரம் உங்களுக்கு ஏற்றது என்பதில் பாதி விடை அந்தக் குறிப்பிலேயே கிடைத்துவிடும்.

கூரைதான் முதல் செலவு

தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் ஆகஸ்டு கடைசி வாரத்தையொட்டி மறுமுறையும் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. இதனால் விளைவது என்னவென்றால், கோடையில் நம் வீட்டின் தெற்குச் சுவரில் வெயில் அவ்வளவாகப் படுவதில்லை. கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் மாலையிலும் காய்கின்றன. மொட்டை மாடித் தளம் நாள் முழுவதும் காய்கிறது. மாடியில்லாத கான்கிரீட் வீட்டில் வெப்பம் நுழையும் பெரிய வாசல் கூரையே.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்க்கலாம். கோடையில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, உறுதியான முக்காலியில் ஏறி உள்ளங்கையைக் கூரையின் அடிப்பக்கத்தில் வையுங்கள். பிறகு அதே கையை உட்சுவரில் வையுங்கள். கூரை சுவரைவிடத் தெளிவாகச் சுடுமானால், பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தத் தளம் இப்போது உங்கள் படுக்கைமேல் இறக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் ஏ.சி. வாங்கினால், அது அறையிலுள்ள காற்றைக் குளிர்விப்பதற்கு முன்பாக, பல டன் எடையுள்ள கான்கிரீட்டோடு நள்ளிரவு வரை போராட வேண்டியிருக்கும்.

நம் முன்னோர் இதற்குச் செய்த ஏற்பாடு உறுதியானது. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, மூன்று நான்கு அங்குலக் கனத்துக்கு அடித்துக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார் உங்கள் ஊரில் இருந்தால் இன்றும் அதைச் செய்வதில் தவறில்லை. கிடைக்காவிட்டால், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ் பதிக்கலாம், அல்லது கூலிங் பெயிண்ட் இரண்டு மூன்று பூச்சு அடிக்கலாம். எதைச் செய்தாலும், முதலில் தளத்தின் வெடிப்புகளை அடைத்து, மழைநீர் வடிகுழாயை நோக்கி ஓடும்படி வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். வாட்டம் தவறிய தளத்தில் ஐப்பசி மழை தேங்கி நின்றால், மேலே போட்ட பூச்சு அடுத்த கோடையைப் பார்க்காது. கையில் பணமில்லாதவர்கள் ஆண்டுதோறும் பங்குனியில் தளத்துக்கு வெறும் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். மழையில் கரைந்துவிடும் என்பதால் ஆண்டுக்கொரு முறை அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாடியில் தகர ஷெட் போடுவது இப்போது டெல்டா நகரங்களில் பரவலாகிவிட்டது. தளத்துக்கும் தகரத்துக்கும் இடையே காற்று தடையின்றிப் போய்வரும்படி நாற்புறமும் திறந்திருந்தால் அது நல்ல நிழல்தான். ஆனால் 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது பறந்த தகரங்களை நினைவில் கொண்டு, தூண்களின் அடித்தகட்டைத் தளத்தில் போல்ட்டால் இறுக்குவதிலும் தகரத்தை நெருக்கமாகத் திருகுவதிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். கீற்றுப் பந்தலும் பச்சை வலையும் கோடைக்கு மட்டும் போட்டு ஐப்பசிக்குள் கழற்றிவிடத் தக்கவை. வீட்டின் மேற்குப் பக்கம் இடமிருந்தால் ஒரு புங்கையோ பூவரசோ வையுங்கள்.

நாட்டு ஓடு வேய்ந்த, முற்றமும் திண்ணையும் உள்ள பழைய வீடுகளின் கதை வேறு. அவற்றில் சூடான காற்று ஓட்டு இடுக்குகள் வழியாகவும் முற்றத்தின் வழியாகவும் மேலேறிப் போய்விடுவதால், இரவில் அவை விரைவாகக் குளிர்கின்றன. மழைச்சாரலுக்கும் திருட்டுக்கும் அஞ்சி முற்றத்தைக் கண்ணாடித் தகட்டால் முழுவதுமாக மூடிவிடுபவர்கள், அந்த வீட்டின் மூச்சையே அடைத்துவிடுகிறார்கள். மூடத்தான் வேண்டுமென்றால் இரும்புக் கம்பி வலை போட்டு, தகட்டை ஓரடி உயர்த்தி, பக்கவாட்டில் காற்று போக வழி விடுங்கள். இத்தகைய வீட்டில் ஏ.சி. தேவைப்பட்டால் ஒரே ஓர் அறைக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங் அமைத்து, சன்னல் இடுக்குகளை அடைத்த பிறகே பொருத்த வேண்டும். இல்லையெனில் குளிர்ந்த காற்றெல்லாம் ஓட்டு வழியே போய்விடும்.

மின்விசிறியும் கொசுவலையும்

மாலை ஐந்தரை மணிக்குக் கொசுவுக்குப் பயந்து எல்லாச் சன்னல்களையும் சாத்திவிடுவது நம் வீடுகளின் வழக்கம். வெளிக்காற்று குளிரத் தொடங்கும் அதே நேரத்தில் உள்ளே இருக்கும் வெப்பத்தைப் பூட்டிவைக்கிறோம். ஆகவே சன்னல்களுக்குக் கழற்றிக் கழுவக்கூடிய கொசுவலை போடுவது, என் கருத்தில், குளிர்ச்சிக்கான செலவுகளில் மிகவும் பயனுள்ளவற்றுள் ஒன்று. வலைக்கண்களில் தூசி அடைத்துக்கொண்டால் காற்று வருவது வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், மாதம் ஒருமுறையாவது கழுவ வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் இருக்கும் அறையே இரவில் விரைவாகக் குளிரும். ஒரு பக்கம் மட்டும் சன்னல் இருந்தால் மறுபக்கச் சுவரின் மேற்பகுதியில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று பொருத்துங்கள்.

மின்விசிறியில் இப்போது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. வகையைத் தவிர வேறெதையும் வாங்கக் காரணமில்லை. பழைய வகை மின்விசிறி 70 முதல் 75 வாட் வரை எடுக்கும். இது சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு மின்விசிறிக்கே சுமார் 32 யூனிட் மிச்சமாகும். மூன்றை மாற்றினால் 97 யூனிட். கோடையில் மின்னழுத்தம் இறங்கி, பழைய மின்விசிறி பெயருக்குச் சுற்றும் கிராமங்களில், இவ்வகையில் பெரும்பாலானவை வேகம் குறையாமல் ஓடுகின்றன. இவற்றுக்குப் பழைய ரெகுலேட்டர் பொருந்தாது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதை நீக்கிவிட்டு நேரடி சுவிட்ச் இணைப்புத் தர வேண்டும்.

மின்தடைக்கு வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியும் இதனால் நீடிக்கிறது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று நான்கு பழைய மின்விசிறிகளை நான்கு மணி நேரம் தாங்குவதே அரிது. அதே பேட்டரி பி.எல்.டி.சி. மின்விசிறிகள் நான்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும். புயலுக்குப் பின் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர்க்காரர்களுக்கு இதன் மதிப்பை விளக்கத் தேவையில்லை.

மின்விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. அறையின் வெப்பம் 40 பாகையை நெருங்கும்போது அது சூடான காற்றையே உடம்பின்மேல் வீசுகிறது. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அத்தகைய நாள்களில் மின்விசிறியை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. இவர்களுக்காக ஓர் அறையிலாவது ஏ.சி. வைப்பதை ஆடம்பரமாகக் கருதக் கூடாது.

ஏர் கூலர் யாருக்கு ஏற்றது

கூலர் நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் நீர் ஆவியாகாது. வெப்பம் 38 பாகை, ஈரப்பதம் 30 சதவீதம் என்று உங்கள் சிறு கருவி காட்டினால், நல்ல கூலர் 27 பாகையளவில் காற்றைத் தரும். வெப்பம் 34, ஈரப்பதம் 70 என்று காட்டினால் எவ்வளவு விலையுயர்ந்த கூலரும் 30 பாகைக்குக் கீழே கொண்டுவர முடியாது. அறையில் ஈரத்தைச் சேர்த்துப் புழுக்கத்தைக் கூட்டிவிடும். ஆகவே திருச்சி, லால்குடி, திருவையாறு பக்கத்தில் மேல்காற்று வீசும் மாதங்களின் பகல் நேரத்துக்குக் கூலர் தக்க துணை. நாகூர், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார் போன்ற கடலோர ஊர்களில் அதை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

வாங்குபவர்கள் சன்னலைத் திறந்துவைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் பயன் போய்விடும். போர் நீரில் உப்பு மிகுந்த ஊர்களில் தேன்கூட்டு அட்டையில் வெள்ளையாக உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். தொட்டியை வாரம் ஒருமுறை முழுவதும் காலி செய்து தேய்த்துக் கழுவிக் காயவிடுவது கட்டாயம், ஏனென்றால் டெங்குவைப் பரப்பும் கொசு இத்தகைய நன்னீரில்தான் முட்டையிடுகிறது.

ஏ.சி.யைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு டன் என்பது சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மேலே மாடியோ நல்ல தளமோ இருந்தால் ஒரு டன் போதும். அதே அறை காய்ந்த மொட்டை மாடியின் கீழே, மேற்குச் சுவரோடு இருந்தால் ஒன்றரை டன் கேட்கும். கூரையை முதலில் சரிசெய்யச் சொன்னதன் காரணம் இங்கே புரியும். தேவைக்கு மேல் பெரியதை வாங்கினால் நல்லதுதானே என்று சிலர் எண்ணுகிறார்கள். ஈரமான நம் காற்றில் அது தவறு. பெரிய இயந்திரம் அறையை விரைவில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்கத் தேவையான நேரம் அது ஓடுவதில்லை. அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பாகவே இருக்கும். வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடும் இன்வெர்ட்டர் வகை நமக்கு ஏற்றதாக இருப்பதும் இதனால்தான். புரட்டாசிப் புழுக்கத்தில், ஈரத்தை நீக்குவதற்கான டிரை என்னும் முறையில் ஓட்டினாலே பல இரவுகளுக்குப் போதுமானது.

நட்சத்திரச் சீட்டில் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாதீர்கள். நட்சத்திரத்துக்கான வரையறையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்குவதால், பழைய சரக்கின் ஐந்து நட்சத்திரம் புதிய கணக்கில் நான்காக இருக்கக்கூடும். சீட்டில் ஆண்டையும், ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணையும் பாருங்கள். அந்த எண் கூடக்கூட மின்செலவு குறையும். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. எடுத்துக்காட்டாக அது 800 யூனிட் என்றால் மணிக்கு அரை யூனிட். இரவுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 240 யூனிட் ஆகும்.

இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டுப் பார்ப்பது அவசியம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பின் இரண்டு மாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதோடு நிற்பதில்லை; வேறு கட்டண அட்டவணையே பொருந்தி, அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதலாகக் கட்ட நேர்கிறது. ஏற்கெனவே 300 யூனிட் செலவாகும் வீட்டில் மேற்சொன்ன ஏ.சி. வந்தால் 540 ஆகும். மூன்று மின்விசிறிகளையும் மாற்றியிருந்தால் 443க்குள் நின்றுவிடும். ஏ.சி.யை 24 பாகையில் தொடங்கி 26, 27 வரை உயர்த்தி வைத்து, மேலே மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் இன்னும் குறையும். ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணிப்பு. இரண்டு மூன்று ஏ.சி. தேவைப்படும் பெரிய குடும்பங்கள் மாடியில் சூரியத் தகடு வைப்பதைப் பற்றி யோசிக்கலாம். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. தகடுகள் தளத்துக்கு நிழலாகவும் அமையும்.

பொருத்தும் நாளில் வீட்டில் பொறுப்பானவர் ஒருவர் இருந்தாக வேண்டும். காப்பர் பைப்பை இணைத்தவுடன், வாக்குவம் பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே கேஸைத் திறக்கச் சொல்லுங்கள். நேரம் மிச்சம் பிடிக்க இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. குழாய்க்குள் தங்கிய ஈரம் கம்பிரஸரின் ஆயுளைக் குறைத்துவிடும். தனி மின்கம்பியும் சரியான எர்த்தும் இல்லாமல் இணைக்க விடாதீர்கள். வெளியே வைக்கும் பகுதி மேற்கு வெயிலில் படாமலும், அனல் காற்று தடையின்றி வெளியேறும்படியும், வெள்ளம் வரும் தெருவாக இருந்தால் முன்பு நீர் ஏறிய மட்டத்துக்கு மேலேயும் இருக்க வேண்டும். கடலோரத்தில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளையும் இரும்புத் தாங்கியையும் அரித்துவிடுவதால், கடலைப் பார்த்த சுவரைத் தவிர்த்து, அரிப்பைத் தடுக்கும் பூச்சுள்ள செப்புச்சுருள் வகையையும் துத்தநாகம் தோய்த்த தாங்கியையும் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெளிப்பகுதியை நல்ல நீரால் மெதுவாகக் கழுவுங்கள். உங்கள் ஊருக்கு அருகில் பழுது பார்க்கும் ஆள் யார், அவர் எத்தனை நாளில் வருவார் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அருகில் ஆள் இல்லாத பெரிய பெயரைவிட, கூப்பிட்டால் மறுநாள் வரும் சிறிய பெயரே மேல்.

மார்கழிக்கு வெந்நீர்

வாடைக்காற்று வீசும் மார்கழி, தை இரவுகளிலும் டெல்டாவில் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே இருக்கும். அறையைச் சூடாக்கும் கருவி நமக்குத் தேவையில்லை. குளிரும் வெப்பமும் தரும் இரட்டை வகை ஏ.சி.க்குக் கூடுதல் விலை கொடுப்பதும் வீண். தேவைப்படுவது அதிகாலைக் குளியலுக்கு வெந்நீர் மட்டுமே.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 15 லிட்டர் கீசர் போதும். அந்த நீரை 25 பாகையிலிருந்து 50 பாகைக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரமே செலவாகும். மணிக்கணக்கில் போட்டுவைப்பதுதான் கட்டணத்தை ஏற்றுகிறது. வாளியில் போடும் ஹீட்டர் ராடு ஈரத் தரையில் உயிருக்கே ஆபத்தானது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதை வைத்திருக்கவே கூடாது. எதை வாங்கினாலும் மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சூரிய வெந்நீர்த் தொட்டி நம் வெயிலுக்கு மிகவும் ஏற்றதுதான் என்றாலும், உப்புப்படிவு அதன் குழாய்களை அடைத்துவிடும். உங்கள் போர் நீர் கடினமானதென்றால் மேல்தொட்டிக்கு ஆற்றுக் குடிநீர் வரும்படி இணைப்பு இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள். கீசருக்கும் இதே தொல்லை உண்டு. கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியைத் தேர்ந்தெடுத்து, அரிப்பைத் தான் ஏற்றுக்கொண்டு தொட்டியைக் காக்கும் ஆனோடு தண்டை ஆண்டுக்கொரு முறை, கார்த்திகை முடிவதற்குள், கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.